நோயுற்ற பிள்ளையும் நமது அமானிதமும்





தொழுகையில் ஒரு சந்தேகம் வந்தால் ஆலிம்களிடம் ஓடுகிறோம். நோன்பில் ஒரு மஸ்அலா என்றால் கிதாபைப் புரட்டச் சொல்கிறோம். ஜகாத்தின் கணக்கில் ஒரு ரூபாய் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று கவலைப்படுகிறோம். நல்லது, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் ஸுபுஹுத் தொழுகை முடிந்து முஸல்லாவை மடிக்கும் வேளையில் நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்ற ஒரு கேள்வியை மார்க்கத்தின் முன்னால் கொண்டுவந்து வைப்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதேயில்லை.

இரவெல்லாம் காய்ச்சலில் அனத்திய பிள்ளை விடிந்ததும் சற்றுத் தெளிந்திருக்கிறது. அதை இன்றைக்கு ஓதப் பள்ளிக்கு அனுப்பலாமா? அங்கன்வாடியில் விடலாமா? மழலையர் பள்ளி வண்டி வந்து நிற்கிறதே, ஏற்றிவிடலாமா? வேலைக்குப் போகும்போது வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் விட்டுப் போகலாமா?

இது வீட்டு விஷயம். மிஞ்சிப் போனால் டாக்டர் விஷயம். இதில் மார்க்கம் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ஏனெனில் இந்த ஒரு கேள்விக்குள் மூன்று ஹக்குகள் அடங்கியிருக்கின்றன. பிள்ளையின் ஹக்கு ஒன்று. அந்தப் பிள்ளையோடு பாயில் உட்காரப்போகும் மற்றப் பிள்ளைகளின் ஹக்கு ஒன்று. அதைப் பொறுப்பேற்கும் உஸ்தாது, டீச்சர், ஆயா ஆகியோரின் ஹக்கு மற்றொன்று. அடியார்களின் ஹக்கு எங்கெல்லாம் வருகின்றதோ அங்கெல்லாம் நாளை மஹ்ஷரில் கேள்வியும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பொறுப்பாளர் யார்?

நம்மில் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பாளரே என்றும், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆட்சியாளரைச் சொன்ன அதே மூச்சில் வீட்டின் ஆண்மகனையும், வீட்டைப் பேணும் பெண்ணையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். நல்ல மேய்ப்பன் ஆடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. எந்த ஆடு நொண்டுகிறது, எது தீனி எடுக்கவில்லை என்று பார்க்கிறான். அதை மந்தையோடு ஓட்டாமல் தனியே நிறுத்துகிறான்.

சின்னஞ்சிறு பிள்ளைக்குத் தன் நோயைச் சொல்லத் தெரியாது. “தலை வலிக்கிறது” என்று சொல்லும் வயது வருவதற்கு முன் அது சிணுங்கும், தாய்ப்பாலை ஒதுக்கும், விளையாட்டுச் சாமானை எறியும். அதைப் படித்தறிய வேண்டியவர்கள் பெற்றவர்களே. தொழுகை நடத்திக்கொண்டிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையையே சுருக்கிக்கொள்வார்களாம். தொழுகை எத்தகைய இபாதத்து! அதையே ஒரு குழந்தையின் அழுகைக்காகச் சுருக்கினார்கள் என்றால், நம்முடைய அலுவல்களைக் குழந்தையின் நோய்க்காக ஒரு நாள் ஒதுக்கி வைப்பது பெரிய காரியமா?

ஒட்டகக்காரருக்குச் சொன்ன உபதேசம்

“நோய் தொற்றும் என்று நம்புவது ஈமானுக்கு இழுக்கல்லவா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படிதானே நடக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நோய் தானாக ஒட்டிக்கொள்வதில்லை என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த ஹதீஸ் உண்மை. மானைப் போல் துள்ளித் திரிந்த என் ஒட்டகங்களுக்குள் சிரங்கு பிடித்த ஓர் ஒட்டகம் புகுந்து எல்லாவற்றுக்கும் சிரங்கைக் கொடுத்துவிட்டதே என்று ஒரு கிராமத்து அரபி கேட்டபோது, அப்படியானால் முதல் ஒட்டகத்துக்கு அதைக் கொடுத்தது யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அல்லாஹ்வை மறந்து, நோய்க்கே தனிச் சக்தி உண்டு என்று எண்ணிய அறியாமைக் காலத்து நம்பிக்கையை அவர்கள் வெட்டி எறிந்தார்கள்.

ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், நோயுற்ற ஒட்டகங்களை வைத்திருப்பவர் நலமான ஒட்டகங்களை வைத்திருப்பவரிடம் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது என்றும் கட்டளையிட்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நம் இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். நோயைப் படைப்பவன் அல்லாஹ். நெருக்கத்தை அதற்கு ஒரு காரணமாக ஆக்கியிருப்பவனும் அவனே. நெருப்பைப் படைத்தவன் அவன் என்பதற்காக நாம் கையை அடுப்பில் வைப்பதில்லை அன்றோ!

தகீஃப் கூட்டத்தார் பைஅத்துச் செய்ய வந்தபோது அவர்களிடையே ஒரு குஷ்டரோகி இருந்தார். உமது பைஅத்தை நாம் ஏற்றுக்கொண்டோம், நீர் திரும்பிச் செல்லலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவருடைய இஸ்லாத்துக்குக் குறைவில்லை, கண்ணியத்துக்கும் குறைவில்லை. கூட்டத்துக்குள் வராமலேயே அவருடைய பைஅத்து நிறைவேறியது. நோயாளியை இழிவுபடுத்தாமல் விலக்கி வைப்பது எப்படி என்பதற்கு இதைவிட அழகான பாடம் வேண்டுமா?

ஷாமுக்குப் புறப்பட்ட கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாறும் நமக்குத் தெரிந்ததே. ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை நடத்தி, திரும்பிவிடுவதென முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் இருந்தால், எங்கே மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவேண்டாம், அங்கே இருப்பவர் அதற்குப் பயந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்ததும் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதும் தவக்குலுக்கு மாற்றமன்று. அதுவும் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குச் செல்வதேயாகும்.

நனைந்த தானியம்

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

காலையில் பிள்ளையின் உடம்பு கொதிக்கிறது. ஒரு மூடி பாரசிட்டமால் மருந்தை ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்க்கிறோம், சூடு இறங்கியிருக்கிறது. முகத்துக்குப் பவுடர் பூசி, தொப்பியை மாட்டி, அனுப்பிவிடுகிறோம். இது இன்று பல ஊர்களில், பல வீடுகளில் நடக்கின்ற காரியமே.

பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்குமே தவிர, நோயைப் போக்கும் மருந்தன்று. அதன் வேகம் 4 முதல் 6 மணி நேரம். அது தீர்ந்ததும் பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ பிள்ளை மறுபடியும் சுருண்டு படுக்கும். அப்போது உம்மாவும் பக்கத்தில் இருக்கமாட்டார், வாப்பாவும் இருக்கமாட்டார். இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் டீச்சர், மற்றப் பத்தொன்பதையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குள் அது எத்தனை பிள்ளைகளோடு ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்ததோ, யார் கண்டது!

ஒருமுறை கடைத்தெருவில் சென்ற நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள்.

தானியம் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. மழை அல்லாஹ்வின் நாட்டம். ஈரத்தை மறைத்து வைத்ததே குற்றம். அவ்வாறே, பிள்ளைக்கு நோய் வந்ததில் யாருக்கும் குற்றமில்லை. மருந்தால் அதை மூடி, ஒன்றும் தெரியாதவர் கையில் ஒப்படைப்பதுதான் குற்றம். “இரவு காய்ச்சல் இருந்தது, காலையில் மருந்து கொடுத்திருக்கிறேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல நா கூசுகிறதென்றால், அனுப்பக்கூடாது என்பதை நம் உள்ளமே அறிந்திருக்கிறது என்பதுதான் பொருள்.

மூன்று கேள்விகள்

அறியாத ஒன்றை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளியும்படித் திருமறை நமக்குக் கற்பித்துள்ளது. குழந்தை வைத்தியத்தில் தேர்ந்தவர்கள் சொல்வதைத் திரட்டிப் பார்த்தால், காலையில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று: பிள்ளை வழக்கம்போல் இருக்கிறதா? சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா, எழுந்து நடமாடுகிறதா? அல்லது மடியைவிட்டு இறங்க மறுக்கிறதா?

இரண்டு: மற்றப் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிடாத அளவுக்கு அங்குள்ளவர்களால் இதைப் பார்த்துக்கொள்ள இயலுமா?

மூன்று: இதனிடமிருந்து மற்றவர்களுக்குத் தீங்கு தரும் நோய் பரவும் அச்சம் உண்டா?

மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்புங்கள். ஒன்றில் தடுக்கினாலும் அன்றைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய்க்கு நோய் கணக்கு வேறு

எல்லா நோய்க்கும் ஒரே அளவுகோல் இல்லை. எனவே பொதுவாக வைத்தியர்கள் சொல்லும் கணக்குகளை இங்கே தருகிறோம். உங்கள் டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

காய்ச்சல்: உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தால்தான் அது விட்டதென்று பொருள். பிறந்து 3 மாதம் நிறையாத சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம். அன்றைக்கே, அந்த நேரமே டாக்டரிடம் கொண்டுசெல்லுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் வைத்திருப்பது பேணுதலானது. இந்த நாட்களில் உப்பு சர்க்கரைக் கரைசல்தான் பிள்ளையின் உயிர்க் காவல். 1971ல் வங்காளதேச அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா தலைவிரித்தாடியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தின் மதிப்பை அறிந்துகொள்ளுங்கள்.

தட்டம்மை: மணல்வாரி என்றும் இதைச் சொல்வார்கள். மேலில் தடிப்புத் தோன்றிய நாளிலிருந்து 4 நாட்கள் கட்டாயம் வெளியே அனுப்பக்கூடாது. இந்நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றிலேகூட இதன் கிருமி 2 மணி நேரம்வரை தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துவிடக்கூடியது. அரசாங்கம் போடும் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்த பிறகுதான். அப்படியானால் அங்கே தம்பியை அழைத்துவிட வரும் தாயின் இடுப்பில் இருக்கும் 6 மாதக் கைக்குழந்தைக்குத் தடுப்பூசியின் காவல் இல்லை. அந்தக் குழந்தைக்கு நாம்தான் காவல்.

சின்னம்மை: கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, அதாவது ஏறக்குறைய ஐந்தாறு நாட்கள் பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஆபத்தாகலாம். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவோ அங்கன்வாடி டீச்சரோ கர்ப்பமாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாட்கள்.

கக்குவான் இருமல்: டாக்டர் கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்தை 5 நாட்கள் உண்ட பிறகு.

சிரங்கு: மருந்து தொடங்கி, புண் காயத் தொடங்கிய பிறகு. ஒரு பிள்ளைக்குச் சொறி என்றால் வீட்டில் எல்லோருமே ஒரே நேரத்தில் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலத்தில் வரும் டெங்குவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அது ஒருவரைத் தொடுவதால் பரவுவதன்று, கொசுவினால் பரவுவது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும். பெற்றவர்கள் அல்ஹம்து லில்லாஹ் என்று மூச்சு விடுவார்கள். பெரும்பாலும் அபாயம் தொடங்குவது அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், பிள்ளை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். காய்ச்சல் இறங்கியதையே குணமாகக் கணக்கிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

எந்த நோயாயினும், மூச்சு வாங்குதல், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றைக் கண்டால் அனுப்புவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே ஆஸ்பத்திரிதான்.

இவற்றையெல்லாம் இன்றைய வெள்ளைக்காரர் வைத்தியம் என்று ஒதுக்குவோரும் உளர். அம்மை என்ற பொதுப் பெயரில் குழம்பிக் கிடந்த நோய்களில் பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதியவர் யார் தெரியுமா? கி.பி. 925 வாக்கில் மறைந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ அவர்களே. நம் முன்னோர் நோயைக் கூர்ந்து பார்த்தார்கள், பிரித்தறிந்தார்கள், எழுதி வைத்தார்கள். அந்தப் பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. இளம்பிள்ளை வாதத்தின் இயற்கைக் கிருமியும் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்நாட்டில் எந்தப் பிள்ளையிடமும் கண்டறியப்படாமல், 2014ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. தடுப்பு மருந்தை அல்லாஹ் இதற்கு ஒரு காரணமாக்கினான். எனவே பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவதும் தவணை தவறாமல் போடுவதும் இந்த அமானிதத்தில் சேர்ந்தவையே.

வீணாகத் தடுப்பதும் தகாது

ஒருபுறம் மறைத்து அனுப்புகிறவர்கள். மறுபுறம் தும்மினாலே பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைப்பவர்கள். நம் மார்க்கம் நடுநிலையான மார்க்கமாகும். காய்ச்சலில்லாத சாதாரண மூக்கு ஒழுகல், குணமான பிறகும் சில நாள் நீடிக்கும் இலேசான இருமல், தலையில் பேன் ஆகியவற்றுக்காகப் பிள்ளையின் ஓதலையும் படிப்பையும் நிறுத்த வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்கு ஆண்டில் பலமுறை சளி பிடிப்பது இயல்பு. கைகழுவவும், தும்மும்போது முகத்தை மூடவும் பழக்கினால் போதும். தும்மல் வந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் கையினாலோ ஆடையினாலோ முகத்தை மூடி, சத்தத்தைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்று ஹதீஸ்களில் வந்துள்ளது. இந்த ஸுன்னத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நோய் தீர்ந்து, நாள் கணக்கும் முடிந்து வருகின்ற பிள்ளையைப் பார்த்து, “அம்மை போட்ட பிள்ளை, பக்கத்தில் உட்காராதே” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வடுவைக் காட்டி ஏளனம் செய்யும் பிள்ளைகளும் உண்டு. நோய் குற்றமன்று, நோயாளி குற்றவாளியல்லன். நோயின்போது விலக்கி வைத்த கையே, குணமான பின் அணைத்துக்கொள்ளவும் வேண்டும்.

கூலிக்குப் போகும் உம்மா என்ன செய்வார்?

இதுவரை சொன்னதெல்லாம் வசதியுள்ள வீட்டுக்கு எளிது. பாட்டியார் இருப்பார், மாமி இருப்பார், ஒருவர் மடியில் இல்லாவிட்டால் இன்னொருவர் மடியில் பிள்ளை கிடக்கும். ஆனால் கணவரை இழந்து, பீடிக் கணக்கு முடித்தால்தான் அன்றைக்கு அரிசி என்று இருக்கும் தாய் என்ன செய்வார்? தோல் தொழிற்சாலைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலியே போய்விடுமே என்று அஞ்சும் தாய் என்ன செய்வார்? பாரசிட்டமாலை ஊற்றி அனுப்பும் அந்தக் கையைக் குறை சொல்லுமுன், அந்தக் கை ஏன் நடுங்கிக்கொண்டே அதைச் செய்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

பத்ருப் போரை நினைத்துப் பாருங்கள். இஸ்லாமிய வரலாற்றில் அதைவிடச் சிறந்த வருகைப் பதிவேடு உண்டா? அதில் கலந்துகொண்டவர்களுக்கு இருந்த சிறப்பு வேறு யாருக்குமில்லை. அந்த நாளில் உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே இருந்தார்கள். அவர்களுடைய மனைவியும் நாயகத்தின் அருமை மகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்களே உதுமான் (ரலி) அவர்களை வீட்டில் இருக்கச் செய்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும், போர்ப் பொருளில் பங்கும் உமக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. நோயாளியின் அருகில் இருப்பதற்காக வீட்டில் தங்கியவர் ஓர் ஆண்மகன் என்பது முதலாவது. பிள்ளைக்கு நோய் என்றவுடன் வேலையை விடவேண்டியவர் உம்மா மட்டுமே என்று எந்தக் கிதாபிலும் இல்லை. வாப்பாவும் ஒரு நாள் கடையைத் தாமதமாகத் திறக்கலாம். லீவு எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது பாடம், வீட்டில் தங்கியவருக்கு அவருடைய பங்கு குறைக்கப்படவில்லை என்பது. இந்தப் பாடம் நம் முதலாளிமார்களுக்குரியது. பிள்ளையின் நோய்க்காக ஒரு தாய் இரண்டு நாள் வராவிட்டால் கூலியைப் பிடிக்காமல் விடுங்கள். முழுவதும் இயலாவிட்டால் பாதியையேனும் கொடுங்கள். அது வீண் செலவன்று. உங்கள் ஆகிரத்துக்கான சேமிப்பு.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் இதற்கென ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். பைத்துல்மாலிலிருந்து ஏழைத் தாய்க்கு இரண்டு மூன்று நாள் கூலியைக் கொடுப்பது பெரிய தொகையாகாது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட மூத்த பெண்மணிகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், “நீ போய்விட்டு வா மகளே, உன் வீட்டில் நான் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், அந்த ஒரு சொல் எத்தனை வீடுகளில் நோய் நுழையாமல் காக்கும்! நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத்து என்று அறிந்திருக்கிறோம். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதோடு அது முடிந்துவிடுவதில்லை. அந்த வீட்டின் சுமையில் ஒரு கை கொடுப்பதுதான் அதன் உயிர்.

உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஓதிக்கொடுக்கும் பெருமக்களே! நோயால் வராத பிள்ளையை மறுநாள் நிற்க வைக்காதீர்கள். விட்டுப்போன பாடத்துக்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். ஓர் அடியான் நோயுறும்போது, நலமாக இருந்த நாளில் அவன் செய்துவந்த நல்லமல்கள் அவனுக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. அல்லாஹ்வின் ஏட்டில் வந்ததாக எழுதப்படும் பிள்ளைக்கு நம் ஏட்டில் தண்டனை ஏன்? ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பரிசுக்காகவே காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோய்நாளைக் கணக்கில் சேர்க்காமல் பரிசு கொடுத்தால் அந்தப் பிழை நீங்கிவிடும். மழையும் குளிரும் கடுமையான இரவில், அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்த மார்க்கம் நம்முடையது.

வெங்காயம், பூண்டு ஆகியவற்றைப் பச்சையாக உண்டவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது ஏன்? அந்த வாடை மற்றவர்களுக்குத் தொல்லையாகும் என்பதற்காகவே. வாடையாவது சற்று நேரத்தில் போய்விடும். தட்டம்மை ஒரு கைக்குழந்தையின் மூச்சையே பறித்துவிடக்கூடும். எது பெரிது என்பதை நாமே சீர்தூக்கிப் பார்க்கவேண்டும்.

எனவே அன்புப் பெற்றோர்களே! நாளைக் காலை இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் எழுந்தால், பிள்ளையின் நெற்றியில் கையை வையுங்கள். பின்பு, நம் பிள்ளை உட்காரப்போகும் பாயில் அதன் அருகே உட்காரும் இன்னொரு பிள்ளையையும் எண்ணிப் பாருங்கள். அதற்கும் ஓர் உம்மா இருக்கிறார். நம் பிள்ளைக்கு நாம் எதை விரும்புகிறோமோ அதையே அந்தப் பிள்ளைக்கும் விரும்பினால், அனுப்பலாமா கூடாதா என்பதற்கு விடை தானே கிடைத்துவிடும்.

நோயும் ஆரோக்கியமும் உன் கையிலன்றோ, யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கும் அண்டை அயலார் பிள்ளைகளுக்கும் முழுமையான ஷிபாவை அருள்வாயாக! அவர்களைப் பேணும் கைகளுக்குப் பலத்தையும், அவர்களின் இல்லங்களுக்கு ரிஸ்கில் பரக்கத்தையும் தருவாயாக! எங்களிடம் நீ ஒப்படைத்த அமானிதத்தை மறைக்காமலும் குறைக்காமலும் நிறைவேற்றத் தவ்பீக்குச் செய்வாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!